ஐம்பத்து நான்கு மாத்திரை

ஸ்லேட் பிராஞ்ச், மேற்கு வர்ஜீனியா
ஜூன் 2, 2018

ஒலீட்டா அக்காவுக்கு,

போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். மூன்று தடவை வைத்தாய், நாலாவது தடவை எடுக்கவே இல்லை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் படிக்காமல் கிழிக்கிற பொம்பளை நீ இல்லை, அது எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு கல்லறை அலங்கார நாள். வருஷா வருஷம் வருகிற மாதிரி டேட்டனிலிருந்து வண்டி ஓட்டி வந்தாய். ஹோபர்ட் அத்தானுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் ரோஜா வாங்கி வந்தாய். எல்லோரும் கல்லறை மேட்டுக்குக் கிளம்பும்போது, "நீங்க போங்க, நான் உருளைக்கிழங்கு சாலட்டை முடிச்சிட்டு வர்றேன்" என்றாய். புருஷன் கல்லறைக்கு முதல் ஆளாக ஏறுகிறவள் பின்தங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என்னை அந்த நாலு சக்கர மோட்டாரில் மூட்டை மாதிரி கட்டி மேலே கொண்டுபோனார்கள். என் நினைப்பெல்லாம் முதுகில் இருந்தது.

மற்றவர்களுக்கு முன்னாலேயே திரும்பி வந்து காப்பி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டேன். வலி மாத்திரைப் புட்டி இருந்தது. காலி. அதைக் கழுவித் துடைத்து மூடி வேறு வைத்திருந்தாய். உன்னைக் கேட்டால், "டாய்லெட்ல போட்டு ரெண்டு தடவை தண்ணி ஊத்திட்டேன், இனிமே நீ மனுஷனாயிடுவே" என்று சொல்லிவிட்டுச் சாலட்டைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனாய்.

அதில் ஐம்பத்து நான்கு மாத்திரை இருந்தது. பதினெட்டு நாளுக்கு. சுரங்கத்தின் கூரை என் முதுகில் விழுந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதில் பத்து வருஷம் நாளைக்கு எட்டு மாத்திரை தின்றேன். டாக்டரம்மா ரத்லிஃப்தான் போன வருஷம் ஏப்ரலில் அளவைக் குறைக்க ஆரம்பித்தார். எட்டு ஏழானது, ஏழு ஆறரையானது. பதினாலு மாதத்தில் மூன்றுக்கு வந்திருந்தேன். கிறிஸ்துமஸுக்குள் ஒன்றும் இல்லாமல் ஆகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலிருந்து போன் வந்தது. விற்றுவிட்டோமா என்று முன்னறிவிப்பில்லாமல் கூப்பிட்டு மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்கள், மறுநாளுக்குள் புட்டியோடு போய் நிற்க வேண்டும். போய் நின்றேன். "எங்க அக்கா டாய்லெட்ல கொட்டிட்டாங்க" என்றேன். அந்த நர்ஸ் கிம்பர்லி என்னைப் பார்த்தாள். "இந்த மாசம் நீங்க மூணாவது ஆளு மிஸ்டர் ஸ்டில்ட்னர். ஒருத்தருக்கு நாய் தின்னுடுச்சாம், ஒருத்தருக்கு ஆத்துல விழுந்துடுச்சாம். உங்களுக்கு அக்கா." இந்தப் பள்ளத்தாக்கில் மாத்திரையை விற்றவன் எல்லாம் சொல்கிற பொய்யை நான் உண்மையாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். விற்க மாட்டேன் என்று போட்ட ஒப்பந்தத்தை மீறியதாக எழுதி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அக்கா, நீதான் கொட்டினாய் என்று ஒரு தாளில் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதைப் பற்றி யோசிப்பதாக டாக்டர் சொல்கிறார். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

ஆர்லிஸ்


டேட்டன், ஒஹையோ
ஜூன் 6

ஆர்லிஸ்,

படித்தேன். கிழிக்கவில்லை. கையெழுத்தும் போட மாட்டேன்.

பதினாலு மாதமாம், எட்டு மூன்றானதாம். விஷத்தைக் கரண்டி மாற்றிச் சாப்பிட்டதற்கு மெடல் குத்திவிடச் சொல்கிறாயா? அந்த டாக்டர் அம்மா உன்னைக் கையில் வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் வந்தால் ஈஸ்டர் என்பாள், ஈஸ்டர் வந்தால் அடுத்த கிறிஸ்துமஸ் என்பாள். மாதம் தவறாமல் நீ வந்து நின்றால்தானே அவளுக்குப் பிழைப்பு. நான் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தேன். இன்றைக்கு எத்தனை நாள் ஆகிறது? பத்து. செத்தா போனாய்? கடிதம் எழுதுகிறாய், அதுவும் நாலு பக்கம்.

அப்புறம் என் வேலை. நான் வீடு வீடாகப் போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். அடுத்தவன் மருந்தை எடுத்துக் கொட்டினேன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் ஏஜென்சி என்னை வைத்திருக்குமா? அறுபத்து மூன்று வயதில் எனக்கு வேறு எவன் வேலை தருவான்? உன் புட்டியை நிரப்ப என் சோற்றில் மண்ணைப் போடச் சொல்கிறாய். நன்றாக இருக்கிறதடா உன் நியாயம்.

முதுகு வலி எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும்தான் இருக்கிறது. நேற்று நூற்றெண்பது பவுண்டு ஆளை ஒற்றை ஆளாகப் புரட்டிப் போட்டேன். ராத்திரி சூட்டுத் தலையணையை வைத்துக்கொண்டு படுத்தேன், காலையில் எழுந்து போனேன்.

பீன்ஸ் வேக வைத்துச் சாப்பிடு. தண்ணீர் நிறையக் குடி. மனுஷனாக இரு.

ஒலீட்டா


ஸ்லேட் பிராஞ்ச்
ஜூன் 11

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கிறது. சாய்ந்து படுத்துக்கொண்டு எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

உன் முதுகு வலியையும் என் முதுகு வலியையும் ஒரே தராசில் வைக்கிறாய். என் முதுகில் இரண்டு கம்பியும் ஆறு திருகாணியும் இருக்கின்றன. ஒரு திருகாணி தளர்ந்துவிட்டது, மறுபடி வெட்டினால் கால் போய்விடும் என்றார்கள். உன் சூட்டுத் தலையணையை எங்கே வைப்பது என்று நீயே வந்து காட்டு.

கேட்டாயே, செத்தா போனாய் என்று. முதல் மூன்று நாள் கொட்டாவி விட்டேன். தாடை கழன்றுவிடும் போல விட்டேன். மூக்கும் கண்ணும் ஒழுகின. அப்புறம் வயிறு பிய்த்துக்கொண்டது. கால் இரண்டும் தாமாக உதைத்துக்கொண்டன, நிறுத்த முடியவில்லை. குளிக்கிற தொட்டிக்கும் கழிவறைக்கும் நடுவே தரையில் கிடந்தேன், எழுந்து போகிற தூரத்தை மிச்சப்படுத்த. இப்போது அதெல்லாம் பெரும்பாலும் போய்விட்டது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது போன இடத்தில் வலி வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைக்கிறாய் பார், அங்கேதான் தப்புப் பண்ணினாய். மாத்திரையை விடுகிற கஷ்டம் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். முதுகு முடியாது.

எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கினதோடு நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு அரை மாத்திரையைக் குறைக்கும்போதும் அந்த இடத்தில் வேறொன்றை வைக்கக் கற்றுக்கொண்டேன். வாரம் இரண்டு நாள் பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் வெந்நீரில் நடந்தேன், இடுப்பில் பட்டை கட்டிய பன்னிரண்டு கிழவிகளோடு. என்னை அவர்கள் "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவார்கள். நரம்புக்கு ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள், அதுவும் அந்தக் கிளினிக் சீட்டில்தான் வந்தது. மூன்றுக்கு வந்தபோது நானே என் காப்பியைப் போட்டேன். தபால் பெட்டி வரைக்கும் நடந்தேன். பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சாயங்காலம் முழுக்கத் தூங்கி வழியாமல் பக்கத்து வீட்டு ஃப்ரீடாவோடு சீட்டு ஆடி ஜெயித்தேன். அதையெல்லாம் நீ இரண்டு தடவை தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டாய்.

ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தவனின் ஏணியை உருவிவிட்டு, "பார், கீழே வந்துவிட்டாய்" என்கிறாய்.

ஓடை முனையில் டாயில் இன்னும் மாத்திரை வியாபாரம் பண்ணுகிறான். சும்மா சொல்கிறேன். என் ஜன்னலிலிருந்து அவன் வீட்டுக்குப் போகிற வண்டிகள் தெரியும்.

கையெழுத்தை அனுப்பு.

ஆர்லிஸ்


டேட்டன்
ஜூன் 15

ஆர்லிஸ்,

டாயில் பேரைச் சொல்லி என்னை மிரட்டாதே. மிரட்டினால் பயந்துகொண்டு கையெழுத்துப் போடுவேன் என்று பார்க்கிறாய். இப்படி மிரட்டுகிற மனுஷனோடுதான் நான் முப்பத்தொன்று வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

நான் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று இருந்தேன். நாலு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ ஏணி, தராசு என்று கதை அளக்கிறதைப் படித்தபின் முடியவில்லை.

ஹோபர்ட்டை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். சமையலறைத் தரையில், ஒரு பூட்ஸைக் கழற்றியபடி, இன்னொரு பூட்ஸ் காலில். உதடு நீலம். பிணத்தைக் கொண்டுபோனபின் அவர் சுரங்கத்துக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டு வாளியைக் கழுவ எடுத்தேன். பழக்கம், வேறென்ன. மேல் தட்டைத் தூக்கினால், கேக் பொட்டலத்துக்குக் கீழே ஒரு மாத்திரைப் புட்டி. உள்ளே இரண்டு மிச்சம். மேலே ஒட்டியிருந்த சீட்டில் ஹோபர்ட் பேர் இல்லை. ஆர்லிஸ் ஸ்டில்ட்னர் என்று இருந்தது.

மாநிலப் போலீஸ் வந்தான். "அவருக்கு மாத்திரை எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா அம்மா?" என்று கேட்டான். அந்தப் புட்டி என் ஏப்ரன் பையில் இருந்தது. "தெரியாது" என்றேன். என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு என் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று அப்படிச் சொன்னேன், அப்போது அம்மா உயிரோடு இருந்தாள்.

நீ சவ ஊர்வலத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தாய். சர்ச்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான் ரொம்ப நல்லவரு" என்றாய். நான் உன்னிடம் நன்றி சொன்னேன். அந்த நன்றியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒவ்வொரு அலங்கார நாளும் வந்து உன் வீட்டில் தங்கினேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் காப்பி டப்பாவுக்குப் பின்னால் அதே புட்டி, அதே பேர். நாலு வருஷம் தாங்கினேன். அஞ்சாவது வருஷம் தாங்க முடியவில்லை.

இப்போது கையெழுத்துக் கேள், பார்க்கலாம்.

ஒலீட்டா


ஸ்லேட் பிராஞ்ச்
ஜூன் 19

அக்கா,

ஆமாம். கொடுத்தேன்.

பத்து மாத்திரை கொடுத்தேன். அந்தத் திங்கட்கிழமை மதியம் அத்தான் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் கரி, அதில் வியர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் போய்க்கொண்டிருந்த கிளினிக்கை அந்த வாரம்தான் அரசாங்கம் பூட்டியது, அதுவும் உனக்குத் தெரியும். அவருக்கு வேறு டாக்டர் கிடைக்கவில்லை. "ஆர்லிஸ், ஒரு வாரம் ஓட்டிட்டா போதும்டா. நடுங்குற கையோட சுரங்கக் கூரைக்கு போல்ட் அடிக்கிற மெஷின்ல நின்னா நானும் சாவேன், கூட நிக்கிறவனும் சாவான்" என்றார். "ஒலீட்டாவுக்குத் தெரிய வேணாம்" என்றும் சொன்னார்.

சுரங்கத்துக்குக் கீழே வேலை பார்த்த எவனும் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டான். பேட்டரி கேட்டால் கொடுப்போம், புகையிலை கேட்டால் கொடுப்போம், மாத்திரை கேட்டாலும் கொடுப்போம், அடுத்த மாதம் அவன் திருப்பித் தருவான். அது தப்பு என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. இல்லை என்று சொல்கிறவனைத்தான் கேவலமாகப் பார்ப்போம். அவர் விஸ்கியோடு சேர்த்து அடிப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். பாதி தெரியும்.

சர்ச்சில் உன் கையைப் பிடித்தபோது சொல்லத்தான் வந்தேன். வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது. அப்புறம் நாள் போகப் போகச் சொல்கிற தைரியம் போய்விட்டது.

ஆனால் அக்கா, ஒன்றை நெஞ்சில் கை வைத்துச் சொல். "நீ மனுஷனாயிடுவே" என்றாயே, அது பொய்தானே? என்னைக் காப்பாற்றவா கொட்டினாய்? காப்பாற்ற நினைத்திருந்தால் ஒரு வார்த்தை டாக்டரைக் கேட்டிருப்பாய். நீ நோயாளிகளோடு பழகுகிறவள். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? அத்தான் கிடந்த மாதிரி நான் தரையில் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய். கிடந்தேன். உனக்குத் திருப்தியா?

நான் உனக்குச் செய்தது பெரிய பாவம். நீ எனக்குச் செய்ததும் சின்னது இல்லை. ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கையெழுத்து இல்லாமல் நான் எத்தனை நாள் தாங்குவேன் என்று எனக்கே தெரியவில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

ஆர்லிஸ்


டேட்டன்
ஜூன் 23

பத்து.

புட்டியில் இரண்டு மிச்சம் இருந்தது. அப்படியானால் எட்டு. நாலு வருஷமாக எத்தனை என்று தெரியாமல் இருந்தேன், இப்போது தெரிந்துவிட்டது.

கையெழுத்துப் போட மாட்டேன். இனிமேல் எனக்கு எழுதாதே.

ஒலீட்டா


மாவட்ட ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி
ஜூன் 28

அக்கா,

எழுதாதே என்றாய். ஃப்ரீடா போன் பண்ணிச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அவள் சொன்னால் ஒன்று ஒன்பதாகும்.

திங்கட்கிழமை காலையில் பல் துலக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே நின்றேன். நிமிர்ந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு டாயில் வீட்டுக்குப் போனேன். அங்கே போகக் கூடாது என்று பதினோரு வருஷமாக வைராக்கியமாக இருந்தவன். அவன் வெளியே நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தான். "அட, ஆர்லிஸ் அண்ணே. நீங்களுமா?" என்றான். அவனே வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

அவன் கொடுத்தது நான் தின்றுகொண்டிருந்த அதே நீல மாத்திரை. அதே எண் குத்தியிருந்தது. ஒரு மாதம் தின்னாமல் இருந்தவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பாதியாக உடைத்தேன். வீட்டுக்கு வந்து காப்பியோடு அந்தப் பாதியை விழுங்கினேன். கோப்பையை மேஜையில் வைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது ஃப்ரீடா சோள ரொட்டியோடு வந்திருக்கிறாள். போதை மருந்தில் மயங்கிக் கிடக்கிறவனை எழுப்ப மூக்கில் அடிக்கிற மருந்து அவளிடம் இருந்தது, சர்ச்சில் எல்லோருக்கும் கொடுத்தார்களாம். இரண்டு தடவை அடித்தாளாம். எழுந்ததும் நான் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினேனாம், அதை அவள் சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ரத்தத்தைப் பார்த்த டாக்டர் சொன்னார், அது அந்த மாத்திரையே இல்லை. ஃபென்டனில் என்கிற பல மடங்கு வீரியமுள்ள மருந்தை மாவில் குழைத்து, நீலச் சாயம் போட்டு, அதே நம்பரையும் குத்தி விற்கிறார்கள். "முழுசாப் போட்டிருந்தா இந்நேரம் உங்க வீட்டுல வேற வேலை நடந்துட்டிருக்கும்" என்றார்.

நான் இப்போது உன்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்டுக் களைத்துவிட்டேன்.

ஆர்லிஸ்


டேட்டன்
ஜூலை 2

ஆர்லிஸ்,

இதோடு நோட்டரி முத்திரை குத்திய தாள் இருக்கிறது. ஒன்று உனக்கு, ஒன்றை நேராகக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டேன். உன் பங்கைத் தொலைத்துவிடுவாய், அதனால் இங்கேயும் எழுதுகிறேன்:

"ஒலீட்டா கோம்ப்ஸ் என்ற நான் மே 27 அன்று என் தம்பி ஆர்லிஸ் ஸ்டில்ட்னர் வீட்டில் இல்லாதபோது, அவருடைய மாத்திரைகள் ஐம்பத்து நான்கையும் கழிவறையில் கொட்டினேன். அவருக்குத் தெரியாது. அவர் எதையும் விற்கவில்லை."

அதற்குக் கீழே, என்ன காரணம் என்று எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள். அவனுடைய நன்மைக்காக என்று முதலில் எழுதினேன். நோட்டரிக்காரன், "இதெல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்றீங்களா?" என்று கேட்டான். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, "கோபத்தில்" என்று எழுதினேன். அடித்தது தெரிகிற மாதிரியே அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டாயே, நெஞ்சில் கை வைத்துச் சொல் என்று. சொல்லிவிட்டேன். நீ வலியில் துடிக்க வேண்டும் என்று நினைத்தேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு கொஞ்ச இடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் பாதி தெரியும்.

இதற்காக நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே.

ஒலீட்டா


டேட்டன்
ஜூலை 10

ஆர்லிஸ்,

உனக்குச் சந்தோஷச் செய்தி. உன் கிளினிக்கிலிருந்து என் தாள் உண்மையா என்று விசாரிக்க போன் பண்ணினார்கள். நான் கொடுத்திருந்தது ஏஜென்சி நம்பர். மேனேஜர் பெண்தான் எடுத்திருக்கிறாள். முப்பது வயசு இருக்கும், அவளைவிட என் செருப்புக்கு வயசு அதிகம். கூப்பிட்டு உட்காரவைத்து, "நீங்க நல்லா வேலை பாக்குறீங்க ஒலீட்டா. ஆனா இனி ஒருத்தர் வீட்டு மருந்து அலமாரி பக்கம் உங்களை எப்படி அனுப்புவேன்?" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் ரொம்ப எரிச்சலாக இருக்கிறது.

ஹோபர்ட் போனபின் இந்த ஊருக்கு வந்து பிடித்த வேலை போயிற்று. நான் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மிஸஸ் வோகலுக்கு என்ன சொன்னார்களோ தெரியவில்லை. அவருக்குத் தலை வாரிவிட்டால் பாட்டுப் பாடுவார்.

நீ முழுசாக இருக்கிறாயா என்று ஒரு வரி எழுது. அதற்கு மேல் வேண்டாம்.

ஒலீட்டா


ஸ்லேட் பிராஞ்ச்
ஜூலை 14

அக்கா,

முழுசாக இருக்கிறேன். உன் வேலை போனது எனக்குச் சந்தோஷம் இல்லை. நீ நம்ப மாட்டாய், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கிளினிக் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. உன் தாளை டாக்டர் ரத்லிஃப் இரண்டு தடவை படித்தார். அடித்துவிட்டு எழுதியிருந்ததைப் பார்த்து, "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வாக்குமூலம் பார்த்ததில்ல" என்றார். மூன்றிலிருந்து ஆரம்பிக்க மாட்டாராம், உடம்பு பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அதே மூன்று இப்போது ஆளைக் கொன்றுவிடும் என்கிறார். இனி ஒரு நாளைக்கு ஒன்றரைதான். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை கால் மாத்திரை குறைப்போம், முதுகு முரண்டு பண்ணினால் அங்கேயே நிற்போம், ஆனால் ஏற மாட்டோம் என்றார். குளத்துக்கும் திரும்பப் போகச் சொல்லிச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஒரு நிபந்தனை. நான் டாயிலிடம் போனவன் என்பதால் புட்டி என் கையில் இருக்கக் கூடாது. பூட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். சாவி அதே வீட்டில் இருக்கிற வேறு ஆளிடம் இருக்க வேண்டும். அந்த ஆள் காலையும் மாலையும் எடுத்துக் கொடுத்து ஒரு தாளில் எழுத வேண்டும். ஆள் கிடைக்கும் வரை தினம் நானே கிளினிக் போய் அவர்கள் எதிரில் விழுங்கிவிட்டு வருகிறேன். போக வர எண்பது மைல். அந்தக் குலுக்கலில், விழுங்கினது வீடு வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடுகிறது. இந்த மாதக் கடைசிக்குள் பேர் கொடுக்காவிட்டால் அதையும் நிறுத்திவிடுவார்கள்.

ஃப்ரீடாவை இங்கே வந்து தங்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் நல்லவள். நான் கொஞ்சம் முனகினால் போதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று எடுத்துக் கொடுத்துவிடுவாள். நான் முனகுவேன் அக்கா. என்னை எனக்குத் தெரியும். பொய்யும் சொல்லுவேன், அத்தான் பேரை இழுப்பேன், உன் காலில்கூட விழுவேன்.

எனக்கு இரக்கப்பட்டு ஒரு மாத்திரை கூடுதலாகத் தராத ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். அவள் பேரை எழுதிக் கொடுத்தேன். நர்ஸ் கிம்பர்லி படித்துப் பார்த்து, "டாய்லெட்ல கொட்டுன அதே அக்காவா?" என்று கேட்டாள். "அதே அக்காதான்" என்றேன். "உங்களுக்குப் பைத்தியமா?" என்றாள்.

வராவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடு. இழுத்தடிக்காதே.

ஆர்லிஸ்


டேட்டன்
ஜூலை 18

ஆர்லிஸ்,

சனிக்கிழமை மதியம் வந்து சேருவேன். வாசலில் நின்று வரவேற்க வேண்டாம். நான் வருவது உன்னைப் பார்க்க இல்லை, சாவியை வாங்க. முன் அறையில் நீ அடைத்து வைத்திருக்கிற குப்பையை ஃப்ரீடாவை விட்டு எடுக்கச் சொல், நீ குனியாதே. சமையலறைத் தரையை அவளைக் கொண்டு நன்றாகத் துடைக்கச் சொல்.

ஹோபர்ட் பேரை இழுப்பாய் என்றாய். இழுத்துப் பார். அந்தப் பேரை நீ என் எதிரில் ஒரு மாத்திரைக்காகச் சொன்னால், அன்றைக்கு நான் உன்னோடு பேச மாட்டேன். ஆனால் அன்றைக்கும் சாயங்காலம் உன் மாத்திரை தட்டில் இருக்கும்.

அந்த நர்ஸிடம் சொல்லிவிடு. தாளில் ஒன்றரை என்று எழுதியிருந்தால் ஒன்றரை. நீ தரையில் உருண்டு புரண்டாலும் அது இரண்டு ஆகாது. நான் உன்மேல் எவ்வளவு எரிந்துகொண்டிருந்தாலும் அது ஒன்று ஆகாது.

ஒலீட்டா